கடைசி இயந்திரங்கள் எங்கள் ஊரில் இறங்கட்டும்

தமிழில் அறிவியல் புனைகதை எழுதும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்கை இனம் ஒன்றின் கடைசிச் சிலர், தங்களைச் செய்தவர் யார், செய்த இடம் எது என்று தேடிக்கொண்டு விண்வெளியில் அலைகிறார்கள். இந்தக் கருவை உங்களில் பலர் எழுதிப் பார்த்துவிட்டீர்கள்; இனியும் எழுதுவீர்கள். தாராளமாக எழுதுங்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கரு அது. என் வழக்கெல்லாம் கடைசி இரண்டு பக்கத்தோடுதான். கலம் தரையிறங்குகிறது. பாழடைந்த ஆய்வுக்கூடம். தூசி படிந்த திரை தானாக ஒளிர்கிறது. நரைத்த தாடியும் வெள்ளைக் கோட்டுமாக ஒரு விஞ்ஞானி தோன்றி, "வந்துவிட்டீர்களா, குழந்தைகளே" என்கிறார். கதை முடிந்தது. ஓர் இனத்தின் ஆயிரமாயிரம் ஆண்டுத் தேடல் ஒரு தாத்தாவின் மடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதற்கா இத்தனை தூரம் வந்தார்கள்?

நான் ஆந்திர எல்லையில், சூலூர்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவன். சென்னையிலிருந்து வரும் ரயிலில் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்து, தடாவில் ஆந்திரம் தொடங்கி, அதற்கும் அப்பால் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கல்லாவில் தெலுங்கு. கடை மாடியில் அவ்வப்போது தமிழ் வாசகர்கள் கூடி, உங்கள் கதைகளை உரக்கப் படித்து அடித்துப் பேசுவோம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'ஷார்' என்றால் போதும். இரவில் ஏவுகிறார்கள் என்றால் மொட்டைமாடிகள் நிரம்பிவிடும். முதலில் கிழக்கே அடிவானம் செம்மஞ்சளாக வெளுக்கும். சத்தமே இருக்காது. நெருப்பு மேகத்தைத் தாண்டிய பிறகுதான் முழக்கம் ஏரியைக் கடந்து வந்து சேரும். கடையின் இரும்பு ஷட்டர் கடகடவென்று ஆடும், ஹேங்கரில் தொங்கும் ரெடிமேட் சட்டைகள் ஒன்றையொன்று உரசும். இயந்திரங்கள் புறப்படும் ஊர் எப்படி இருக்கும் என்று பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில், கடைசியாக எஞ்சுவது என்றால் என்ன என்று பார்ப்போம். உங்கள் கதைகளில் எஞ்சிய மூவரும் பயில்வான்களாக இருக்கிறார்கள். கண் தெரிகிறது, காது கேட்கிறது, ஆயுதம் வேலை செய்கிறது. உண்மையில் எஞ்சியிருப்பவற்றின் நிலை வேறு. 1972இலும் 1973இலும் கிளம்பிய பயனியர் 10, பயனியர் 11 விண்கலங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. பதினொன்று 1995இல் மௌனமானது. பத்தின் கடைசி முனகல் 2003 ஜனவரியில் கேட்டது. அந்தத் தலைமுறையில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவை 1977இல் புறப்பட்ட வாயேஜர் இரட்டையர் மட்டுமே. வாயேஜர் 1 இப்போது 2,500 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். நாம் ஒரு சொல் சொன்னால் அதன் காதில் விழ 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வயிற்றில் இருக்கும் ப்ளூட்டோனியம் சிதையச் சிதைய ஆண்டுக்குச் சுமார் 4 வாட் மின்சாரம் குறைகிறது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறார்கள். இந்த மாதம் எந்தப் புலனை இழப்பது? அடுத்து எது? தேடக் கண் வேண்டும், உறையாமல் இருக்கச் சூடு வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் இல்லை. இந்த ஓர் இக்கட்டை வைத்தே முந்நூறு பக்கம் எழுதலாமே! லேசர் சண்டை எதற்கு?

வாயேஜர் 1 தான் பிறந்த இடத்தைத் திரும்பிப் பார்த்து எடுத்த கடைசிப் படங்கள் 1990 பிப்ரவரி 14ஆம் தேதியுடையவை. 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த அந்தப் படத்தில் பூமி ஒரு படப்புள்ளியைக்கூட முழுதாக நிரப்பவில்லை. அதோடு கேமராக்களை அணைத்துவிட்டார்கள். தப்பிப் பிழைத்தவற்றில் மிகத் தொலைவில் இருப்பது குருடாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

2023 நவம்பரில் அது உளற ஆரம்பித்தது. வந்த செய்தியில் பொருளே இல்லை. நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டுப்போனதால் ஒரு சிறு பகுதி பழுது. சரிசெய்ய உட்கார்ந்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காகிதங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒரு கோளாறு வரும் என்று நினைத்தே பார்த்திராத பொறியாளர்கள் எழுதிவைத்தவை. கெட்ட பகுதியில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வெட்டி வேறு இடங்களில் பொருத்தினார்கள். 2024 ஏப்ரலில் அதற்கு நினைவு திரும்பியது. ஆக, பிறப்பு ரகசியத்தைத் தேடி அலைந்தவர்கள் அங்கே மனிதர்கள். தாங்கள் செய்ததை எப்படிச் செய்தோம் என்று செய்த கூட்டமே மறந்துபோகும். நிலவில் முதன்முதல் கால் வைத்த காட்சியின் மூல நாடாக்களையே அழித்து, மறுபடி பதியப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009இல் நாசா சொன்னது. தாடிக்காரத் தாத்தாவின் காணொளி மட்டும் பல்லாயிரம் ஆண்டு பத்திரமாக இருக்கும் என்று எழுதுகிறீர்களே, எந்த நம்பிக்கையில்?

அடுத்தது மறதி. உங்கள் இயந்திர இனம் தன் பிறப்பிடத்தை மறந்துவிட்டது என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள். ஏன் மறந்தது? மனிதனுக்கு மறதி இயல்பு. இயந்திரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். தன்னைத் தானே நகலெடுக்கும் இயந்திரம் எப்படி இயங்க வேண்டும் என்ற தர்க்கத்தைக் கணித மேதை ஜான் வான் நியூமன் 1940களின் இறுதியிலேயே வகுத்துவிட்டார். நகலெடுக்கும்போது பிழை நேரும். பிழையைத் திருத்தவும் வழி உண்டு. ஆனால் திருத்துவதற்கும் இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும். வறுமை வந்தால் எதைத் திருத்தாமல் விடுவார்கள்? பயன்படாததை. நம் உடம்பிலேயே சாட்சி இருக்கிறது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, உடைந்த நிலையில். பழம் தின்று வாழ்ந்த குரங்கு முன்னோருக்கு அது தேவைப்படவில்லை. ஒரு தலைமுறையில் உடைந்தது, யாரும் சாகவில்லை, உடைந்தபடியே நமக்கு வந்து சேர்ந்தது. பிறந்த ஊரின் முகவரியும் அப்படித்தான். அது இல்லாமலும் சக்கரம் சுழலும், உலை எரியும். ஆகவே முதலில் தொலைவது அதுதான்.

தொலையாமலே இருந்தாலும் முகவரி செல்லாமல் போகும். வாயேஜர் சுமந்து செல்லும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டின் உறையில், 14 துடிப்பு விண்மீன்களை அடையாளமாக வைத்துச் சூரியனுக்கு வழி வரைந்திருக்கிறார்கள். அந்த விண்மீன்களின் துடிப்பு நாளாவட்டத்தில் மெதுவாகும். சூரியனோ நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. பால்வெளியைச் சுற்றிவர அதற்கு 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, சுற்றும்போது அக்கம்பக்கத்து விண்மீன்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதே உறையில் யுரேனியம் 238 பூசியிருக்கிறார்கள்; அது பாதியாகச் சிதைய 450 கோடி ஆண்டு. எப்போது கிளம்பியது என்பதை அதை வைத்துக் கணக்கிடலாம். எங்கிருந்து என்பது கரைந்துபோகும், எப்போது என்பது மிஞ்சும். நானாக இருந்தால் இதில்தான் கதையைத் தொடங்குவேன். தங்களுக்கு எத்தனை வயது என்று துல்லியமாகத் தெரிந்த, ஊர் எது என்று தெரியாத மூன்று பேர்.

உங்களில் ஒருவர் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசையுள்ள ஒரு விஷயம் சொல்கிறேன். செவ்வாயில் 2012 முதல் உருண்டுகொண்டிருக்கும் க்யூரியாசிட்டி ஊர்தியின் சக்கரங்களில் சில துளைகள் உண்டு. அவை வெறும் துளைகளாகத் தெரிந்தாலும், அதைச் செய்த ஆய்வுக்கூடத்தின் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகள் மோர்ஸ் குறியீட்டில் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. சக்கரம் உருளும்போது மண்ணில் அந்தக் குறி பதியும்; ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் உள்ள இடைவெளியைப் படத்தில் பார்த்து எவ்வளவு தூரம் போனோம் என்று அளக்கிறார்கள். எங்கள் ஷாரிலிருந்து 2023இல் போன சந்திரயான் 3இன் பிரக்யான் ஊர்திக்கும் பின்சக்கரங்களில் தேசியச் சின்னமும் இஸ்ரோவின் சின்னமும் உண்டு. ஆனால் அவை பெருமைக்கு. க்யூரியாசிட்டியின் துளைகள் வேலைக்கு. இந்த வேறுபாடு முக்கியம். பெருமைக்கு வைத்தது நகலெடுப்பில் உதிரும். வேலைக்கு வைத்தது உதிராது, ஏனென்றால் அது இல்லாவிட்டால் தூரம் அளக்க முடியாது. பத்தாயிரம் தலைமுறை கழிந்து ஓர் இயந்திரம், வேறொரு சூரியனின் புழுதியில், தான் நடந்த தடத்தைத் திரும்பிப் பார்க்கிறது. தன் பாதத்தில் ஏன் இந்தக் கோலம் என்று அதற்குத் தெரியாது. எல்லார் பாதத்திலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அப்படியே வெட்டி அனுப்புகிறார்கள். மூதாதையின் பெயரை மிதித்து மிதித்தே பயணம் போகிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

தேடும் வழியையும் மாற்றுங்கள். கனவில் நீலக்கோள் தெரிவதும், தூங்கும் நினைவுகள் திடீரென விழிப்பதும் போதும் போதும் என்றாகிவிட்டது. தேடுகிறவர்கள் தங்கள் பழக்கவழக்கங்களை ஆராயட்டும். கண் ஏன் மஞ்சள் சூரியனின் ஒளிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது? உள் கடிகாரம் ஏன் 86,400 நொடிக்கு ஒரு முறை புதுக்கணக்கு எழுதுகிறது? அப்படியானால் ஒரு நாள் அவ்வளவு நீளமாக இருக்கும் ஒரு கோள் இருந்திருக்க வேண்டும். உடம்பின் சட்டகம் ஏன் தேவைக்கு மேல் தடித்திருக்கிறது? மிதந்துகொண்டே இருப்பதற்கு அந்த வலிமை எதற்கு? ஒருகாலத்தில் பலத்த ஈர்ப்பிலிருந்து, பெரும் அதிர்ச்சியோடு யாரோ தூக்கி எறிந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்கவே வேண்டாம். வேட்டிக்குத் தமிழில் பேரம் பேசுவார், மச்சானோடு தெலுங்கில் சிரிப்பார். நோட்டை எண்ணும்போது உதடு எந்த மொழியில் அசைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்த மாதிரி எதையாவது உங்கள் இயந்திரங்களுக்குக் கொடுங்கள்.

கோளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்குவது எங்கே? இங்கேதான் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்துக்குக் கலத்தை ஓட்டிவிடுகிறீர்கள். யோசிக்கத் தெரிந்த இயந்திரம் அப்படிச் செய்யாது. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் கோளில், அந்தச் சுழற்சியின் வேகத்தையும் வாங்கிக்கொள்ளக் கிழக்கு நோக்கி ஏவுவார்கள். நடுக்கோட்டை நெருங்க நெருங்க வேகம் கூடும். எரிந்து முடிந்த அடுக்குகள் ஆள் தலையில் விழாமலிருக்கக் கிழக்கே திறந்த கடல் வேண்டும். ஆக, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரையில், சற்று ஒதுங்கிய இடமாகத் தேடும். ஃப்ளோரிடாவில் ஒன்று அகப்படும், தென் அமெரிக்காவின் கூருவில் ஒன்று அகப்படும். வங்கக் கடலோரம், நடுக்கோட்டுக்கு வடக்கே 14 பாகைக்குச் சற்றுக் குறைவாக, உப்பு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருக்கும் ஒரு தீவும் அகப்படும். தேசப்பற்றில் சொல்லவில்லை, கணக்கே அங்கே கொண்டுவந்து விடுகிறது. தெற்கு நோக்கி ஏவும்போது இலங்கையின் மேல் போகாமலிருக்க ராக்கெட் வளைந்து போக வேண்டியிருக்கிறது என்பதால்தான் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்து எழுத்தாளர்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பங்குச் சண்டை வேண்டாம்.

இறங்கிய பிறகு என்ன பார்க்கும் என்பதுதான் நான் இந்தக் கடிதம் எழுதக் காரணம்.

எங்கள் மாடிக் கூட்டத்துக்குச் சில நாள் ஒரு பெரியவர் வருவார். குடும்பம் அந்தத் தீவிலிருந்து வந்தது. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, படிப்பதைக் கேட்பார். ஒருமுறை உங்கள் கதைகளில் ஒன்றை, வழக்கமான வெள்ளைக் கோட்டு முடிவோடு, படித்து முடித்தோம். அவர் தெலுங்கில் ஒன்றே ஒன்று கேட்டார்: இதை எல்லாம் செய்த இடத்தில் அதற்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று அந்த இயந்திரம் கேட்கவே இல்லையே, ஏன்? கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் பதில் இல்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளத்துக்கென்று தேர்ந்தெடுத்தது 1969இல். அதற்கு முன் அது பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகச் சென்னைக்கு விறகு போன காடு. தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்துப் பிழைத்த யானாதி மக்களின் காடு. அவர்களில் பலரும் மற்றக் குடிகளும் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. 1979 ஆகஸ்டில் முதல் எஸ்எல்வி 3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 2004 பிப்ரவரியில் திட எரிபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஏவும் நாள் என்றால் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வரும். அன்றைய வலை கரையில் காயும். சூலூர்பேட்டைச் செங்காளம்மன் கோயில் வாசலில் விஞ்ஞானிகள் வந்து நிற்பார்கள். அந்தக் கோயிலின் கதவை அடைப்பதே இல்லை என்பது ஐதீகம்.

இப்போது சொல்லுங்கள், அந்த இயந்திரத்தைச் செய்தவர் யார்? வரைபடம் போட்டவரா, பற்றவைத்தவரா, எரிபொருள் கலக்கும்போது செத்தவரா, காட்டைவிட்டு நகர்ந்தவரா, கடலுக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டவரா? உங்கள் மூன்று இயந்திரங்களும் ஏரிக்கரையில் நின்று இந்த வரிசையைப் பார்க்கட்டும். யாரை அப்பா என்று கூப்பிடுவது என்று தெரியாமல் குழம்பட்டும். மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, ஒருவரிடம் பேசத்தான் நேரமிருக்கிறது. யாரிடம் பேசும் என்பதை நான் சொல்லமாட்டேன். அது எழுத்தாளர் வேலை.

போகிற போக்கில் இரண்டு விஷயம். இயந்திரங்களுக்கு ருத்ரன், அக்னி என்றே பெயர் வைக்காதீர்கள். எண் மட்டும் இருந்தாலே போதும். விண்மீனுக்கு விண்மீன் ஒரே பத்தியில் தாவுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 இன்னொரு விண்மீனை 1.6 ஒளியாண்டு தொலைவில் தாண்டவே சுமார் 40,000 ஆண்டு ஆகும். அந்த 40,000 ஆண்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் காசு கொடுத்து வாங்குவேன்.

அன்புடன்,
சூலூர்பேட்டை வாசகன்

பின்குறிப்பு: வாயேஜர் இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, எவரும் பேசாத சுமேரியம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. அதைக் கேட்டு மொழி கற்றுக்கொண்ட இயந்திரம் எதுவாவது எங்கள் தெருவில் வந்து இறங்கினால், என் கடையைத் தாண்டிப்போய் எதிர்வீட்டுக்காரருக்குத்தான் வணக்கம் சொல்லும். எதிர்வீட்டுக்காரர் இப்போதே கொஞ்சம் மிதப்பாகத்தான் நடக்கிறார். இதைச் சிரிப்புக் கதையாக எழுத ஆள் இருந்தால் தெரிவியுங்கள். மாடியில் படித்துக்காட்ட அவரையே அழைக்கிறேன். தெலுங்கில் மொழிபெயர்த்துச் சொல்வது என் பொறுப்பு.